நாடி 64, உடம்பெல்லாம் வேர்வை: தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஆடி மூன்றாவது ஞாயிறு, மதியம் 12:50. தண்டையார்பேட்டையில் என் கிளினிக் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு மூடிவிடும். தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போட்டிருந்த ஒலிபெருக்கிக்கு ஸ்டெதாஸ்கோப்பில் நெஞ்சுச் சத்தம் கேட்பதே பெரிய பாடு. அந்த நேரத்தில் ஆட்டோவில் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டுகிறது, தோளில் வேப்பிலை ஒட்டியிருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது. பெயரைக் கேட்டால் வேறு ஏதோ குழறுகிறார்.

கூட வந்த தங்கை சொன்னார்: "சாமி வந்துருக்கும்மா. ஆனா மலையேறவே மாட்டேங்குது. எங்கக்காவுக்கு இதுவரைக்கும் சாமி வந்ததே இல்லம்மா, அதான் பயமா இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் இல்லையென்றால் நான் இன்னும் கொஞ்சம் நேரத்தை வீணாக்கியிருப்பேன்.

நோயாளியை எனக்கு முன்பே தெரியும். வயது 41. டோல்கேட் பக்கம் வீட்டு வாசலிலேயே காலை இட்லிக் கடை. மூன்று நாளைக்கு முன்புதான் முழங்கால் சிராய்ப்புக்குக் கட்டு மாற்றிக்கொண்டு போனார். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அதுவும் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, புருவத்துக்கு மேலே மறுபடி முத்து முத்தாகக் கிளம்பியது. மேலுதட்டில், கழுத்தெலும்புக் குழியில், உள்ளங்கையில் எல்லாம் அப்படித்தான். ஊற்றிய மஞ்சள் தண்ணீர் பாதி என்றால் மீதிப் பாதி அவர் உடம்பிலிருந்து வந்தது. தோல் சில்லென்று இருந்தது.

நாடி பிடித்தேன். 64. ஒரே சீர். ரத்த அழுத்தம் 126/78. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன், நடுக்கமே இல்லை.

எனக்குப் புரியவில்லை. இப்படி வேர்த்துக் கொட்டுகிற உடம்பில் நாடி ஓடவேண்டும். வெயிலில் நின்று சுருண்டு விழுந்தவருக்குப் பெரும்பாலும் 120க்குக் குறையாது. பயமென்றாலும் அப்படித்தான். மாரடைப்பாக இருக்குமோ என்று இசிஜி எடுக்கப் போனேன். வேர்வையில் உறிஞ்சு குமிழ்கள் நெஞ்சில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தன. அதிலேயே நான்கு நிமிடம் போயிற்று. அதற்குள் தங்கை பையிலிருந்து சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்து மேசையில் பரப்பி, "நேரம் தவறாம குடுத்துட்டேம்மா, கோயிலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடிகூட" என்றார். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தேன். சர்க்கரை 41.

இருபத்தைந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், 100 மில்லி, மெதுவாக ரத்தக் குழாயில் ஏற்றினேன். பத்தாவது நிமிடம் கண்ணை முழுசாகத் திறந்தார். கேட்ட முதல் கேள்வி, "புள்ள எங்க?"

அந்தப் பிள்ளையிலிருந்துதான் கதை தொடங்குகிறது. இந்தப் பதிவை எழுத அவரிடம் அனுமதி வாங்கினேன். "பேரைப் போட்றாதீங்கம்மா, கடைக்கு வர்றவங்க சாமியாடினியான்னு ஓட்டுவாங்க" என்றார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அளவுகளை மாற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம்

ஐந்து நாளைக்கு முன்பு, செவ்வாய்க்கிழமை, ஐந்தே முக்கால் மணி இருக்கும். எண்ணூர் விரைவுச் சாலை. ஒரு பக்கம் வீடுகள், இன்னொரு பக்கம் கருங்கல் கொட்டிய கடற்கரை, நடுவில் துறைமுகத்துக்குப் போகிற வருகிற கண்டெய்னர் லாரிகள். ஆடிக் காற்று. எங்கிருந்தோ அறுந்து வந்த ஒரு காத்தாடி, அதன் பின்னால் இவருடைய ஆறு வயதுப் பையன். அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாலையில் இறங்கிவிட்டான். இவர் அப்போது வாசலில் மறுநாள் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கண்டெய்னரின் ஹாரன் கேட்டு நிமிர்ந்தவர், கால்வாய்ப் பலகையைத் தாண்டிக் குதித்து, பையனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, அவனோடு சேர்ந்து பின்னால் விழுந்தார். விழும்போது இடது உள்ளங்கையை ஊன்றினார். லாரி பத்தடி தள்ளிப் போய் நின்றது.

இதைக் கேட்கிற எல்லோரும் "அட்ரினலின் பண்ற வேலை" என்பார்கள். எனக்கு இதில் ஒரு சின்ன வழக்கு உண்டு. அந்தக் குதி இரண்டு வினாடிச் சமாச்சாரம். அட்ரினலின் சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பியிலிருந்து கிளம்பி, ரத்தத்தில் கலந்து, இதயத்தைச் சுற்றி வந்து, கால் தசைக்குப் போய்ச் சேரவேண்டும். அது வந்து சேர்வதற்குள் பையன் சாலையோரத்தில் பத்திரமாகக் கிடந்தான். குதிக்க வைத்தது மூளையும் தசை நரம்புகளும்தான். இதயம்கூட முதல் வினாடியில் வேகமெடுப்பது, அதை நிதானமாகப் பிடித்துவைத்திருக்கிற வேகஸ் நரம்பு தன் பிடியைச் சட்டென்று தளர்த்துவதால்தான். ஆபத்தில் உடம்பை உசுப்புகிற சிம்பதெடிக் நரம்பின் உந்துதல் இதயத்தில் தெரிய ஓரிரு வினாடியும், உச்சத்துக்கு ஏற இன்னும் கொஞ்ச நேரமும் பிடிக்கும். அட்ரினலின் அதற்கும் பின்னால் வருகிற சரக்கு.

அப்படியானால் அது எதற்கு? குதித்து முடித்த பிறகு வரக்கூடிய அடுத்த பத்து நிமிடத்துக்கு. ஓடவேண்டியிருந்தால், எதிர்த்து நிற்கவேண்டியிருந்தால், ரத்தம் போனால் தாக்குப்பிடிக்க.

பாடப் புத்தகத்தில் இந்தச் சிம்பதெடிக் ஏற்பாட்டுக்குப் பரிவு நரம்பு மண்டலம் என்று பெயர். மாணவர்கள் முதலில் குழம்புவது இந்தப் பெயரில்தான், இவ்வளவு முரட்டு வேலை செய்கிற நரம்புக்குப் பரிவு என்று யார் பெயர் வைத்தார்கள் என்று. 1732இல் பாரிசில் இருந்த வின்ஸ்லோ என்ற உடற்கூற்றியலாளர் வைத்த பெயரின் தமிழ் வடிவம் அது. ஓர் உறுப்புக்கு ஒன்று நேர்ந்தால் மற்றவையும் சேர்ந்து துடிக்கின்றன என்ற பழைய கிரேக்க எண்ணம் அதற்குள் இருக்கிறது. பெயர் எப்படியோ, சேர்ந்து துடிப்பது உண்மைதான். நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்திலும் இடுப்பின் மேல்பகுதித் தண்டுவடத்திலும் இருந்து கிளம்புகிற இழைகள், முதுகெலும்பின் இரண்டு பக்கமும் பாசிமணி கோத்த மாதிரி இருக்கிற நரம்பு முடிச்சுகளில் வந்து சேர்கின்றன. அங்கே ஓர் இழை பல இழைகளோடு பேசுகிறது. மூளைக்குள் இருக்கிற ஹைபோதலாமஸ் ஓர் உத்தரவு போட்டால் கண், இதயம், ஈரல், குடல், தோல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தகவல் போய்விடும். அட்ரினல் சுரப்பிக்கு மட்டும் நடுவில் முடிச்சு கிடையாது, நேர்க் கம்பி. சுரப்பியின் உள்பகுதியே உருமாறிய ஒரு நரம்பு முடிச்சுதான். அது ஊற்றுவதில் சுமார் 80 சதவீதம் அட்ரினலின், மீதி நார்அட்ரினலின்.

என்னென்ன மாறும் என்று பட்டியல் போடவேண்டியதில்லை. நம் பேச்சே அந்தப் பட்டியலை வைத்திருக்கிறது. அவர் பிறகு என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஈரக்கொல நடுங்கிப் போச்சும்மா. கை காலு சில்லுனு ஆயிருச்சு. வாய்ல எச்சிலே இல்ல, அவனத் திட்டலாம்னு வாயத் தொறந்தா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. நெஞ்சு தொண்டைக்கு வந்துருச்சு. வேர்த்து வெறுவெறுத்துப் போச்சு."

சில்லிட்டது, தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கியதால். அங்கே இருக்கிற ரத்தம் தசைக்குத் தேவைப்படும், வெட்டுப்பட்டாலும் குறைவாகப் போகும். ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தம் தள்ளுகிறது, அதில் தசைகளுக்கு ஒரு லிட்டர்தான் போகிறது. ஓடவேண்டி வந்தால் இந்தப் பங்கீடே தலைகீழாக வேண்டும். எச்சில் வற்றியதும் அதே கணக்கில்தான்: சாப்பாட்டு வேலை நிறுத்தம். வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோமே, இரைப்பையும் சிறுகுடலும் பாதியில் நின்றுபோவதன் உணர்வு அதில் இருக்கிறது. (பயத்தில் பேதியாவது வேறு கணக்கு. பெருங்குடலைக் கிளப்புகிற பாதை வேறு, இந்த நரம்பின் தலையில் அதைப் போடக்கூடாது.) கண்மணி விரிகிறது. மேல் இமைக்குள் இருக்கிற ஒரு சின்னத் தசையும் இதே நரம்பின் ஆள். பயந்தவரின் கண் வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிவது அதனால்தான். சிறுநீர்ப்பை தளர்ந்து அதன் வாசல் இறுகுகிறது. அவர் அன்று இரவு ஒன்பது மணி வரை ஒன்றுக்கே போகவில்லை.

ஈரக்குலை என்று சொன்னதையும் விடவேண்டாம். ஈரல் நடுங்காது, ஆனால் தன் சேமிப்பை அவிழ்க்கும். பெரியவர்கள் ஈரலில் கிளைகோஜன் சுமார் 100 கிராம் இருக்கும். உத்தரவு வந்ததும் அது குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் இறங்குகிறது. கணையத்துக்கும் அதே நேரத்தில் ஓர் உத்தரவு, இன்சுலினை நிறுத்திவை என்று. இன்சுலின் வந்தால் இந்தச் சர்க்கரையைக் கண்ட இடத்தில் சேமித்துவிடுமல்லவா. இவருக்கு அடுத்து வந்த தொல்லையெல்லாம் இந்த ஒரு வேலையிலிருந்துதான் வந்தது.

அதற்கு முன் மணிக்கட்டு. இடது மணிக்கட்டில் ஆர எலும்பின் நுனி விரிசல் விட்டிருந்தது. அது அப்போது யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. பையனை அந்தக் கையிலேயே இடுக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். ஆட்டோக்காரருக்கு அந்தக் கையால்தான் சில்லறை எண்ணிக் கொடுத்திருக்கிறார். இரவு ஒன்பதரைக்கு மாவுக் குண்டானை நகர்த்தப் போனபோதுதான் "அம்மா" என்று கத்தினாராம். இதில் பரிவு நரம்போடு மூளை தானே சுரக்கிற எண்டார்ஃபின்களும், மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை வாசலிலேயே மறிக்கிற பாதைகளும் கூட்டு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலி முனையில் இருந்த அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், கடுமையாகக் காயம்பட்ட வீரர்களிடம் வலிக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தார். ஏறத்தாழ கால்வாசிப் பேர்தான் வேண்டும் என்றார்கள். 1946இல் அதை எழுதினார். அடிபட்டவர் வலிக்கவில்லை என்று சொன்னால், அந்த ஒரு மணி நேரத்துக்கு அதை நான் பாதிதான் நம்புவேன்.

214

விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. முதலில் யாரோ இரண்டு கிளாஸ் குளுக்கோஸ் தண்ணீர் கலந்து கொடுத்தார்கள். அப்புறம் டீக்கடையிலிருந்து டீ. புதிதாக வந்தவர்கள் ஒவ்வொருவரும் "எப்படி ஆச்சு?" என்று கேட்க, ஒவ்வொரு முறையும் இவர் முதலிலிருந்து சொன்னார். ரத்தத்தில் அட்ரினலின் பாதியாகக் குறைய இரண்டு மூன்று நிமிடம் போதும். ஆனால் சொல்லும்போதெல்லாம் லாரி மறுபடி வருகிறது, சுரப்பி மறுபடி சுரக்கிறது. நம் ஊரில் ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் தெரியாமல் செய்கிற வேலை இது.

ஆறரை மணிக்கு வழியில் இருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். சீட்டைப் பிறகு நான் பார்த்தேன்: நாடி 128, ரத்த அழுத்தம் 168/100, விரல் குத்திப் பார்த்த சர்க்கரை 214. கீழே மூன்று மருந்து. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. சேர்ந்த மாத்திரை காலை, இரவு. படபடப்புக்கும் பிரஷருக்கும் சேர்த்து புரோபிரனோலால் 20 மி.கி. இரண்டு வேளை. வலிக்கு ஒன்றும் இல்லை, வலி இருந்தால்தானே. மணிக்கட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

எண்களில் தவறு இல்லை. அந்த நிமிடத்தில் அவர் உடம்பில் அவை உண்மையாகவே இருந்தன. ஆனால் அவை கண்டெய்னருக்கு உடம்பு சொன்ன பதில். அவரைப் பற்றிய தகவலாக அவற்றை எடுத்துக்கொண்டதுதான் பிசகு. 214இல் ஈரல் இறக்கியது எவ்வளவு, குளுக்கோஸ் தண்ணீரும் டீயும் ஏற்றியது எவ்வளவு, கழுவாத விரலில் ஒட்டியிருந்த இனிப்பு எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. எதேச்சையாகப் பார்த்த சர்க்கரை 200ஐத் தாண்டினால் நீரிழிவு என்று சொல்ல, கூடவே அதன் அறிகுறிகளும் இருக்கவேண்டும்: தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடைக் குறைவு. இல்லையென்றால் வேறொரு நாள் மறுபடி பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் அதே விதி. விபத்து நடந்து முக்கால் மணி நேரத்தில் எடுத்த 168ஐ வைத்து யாரையும் பிரஷர்காரர் ஆக்கக்கூடாது.

பயத்தில் சர்க்கரை ஏறுவது நூறு வருடத்துக்கு மேல் பழைய செய்தி. ஹார்வர்டில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த வால்ட்டர் கேனன்தான் இந்த ஏற்பாட்டை 1915 வாக்கில் முதலில் முழுசாகக் கோத்துச் சொன்னவர். 'எதிர்த்து நில், இல்லையேல் ஓடு' என்ற பேச்சு அவரிடமிருந்து வந்தது. பூனைகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தவர், 1913ஆம் ஆண்டுப் பருவத்தின் கடைசிப் பெரிய ஆட்டம் முடிந்ததும் ஹார்வர்டு கால்பந்து அணியின் 25 பேரிடம் சிறுநீர் வாங்கிப் பார்த்தார். 12 பேருக்கு அதில் சர்க்கரை. எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். அந்தப் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் மாற்று ஆட்டக்காரர்கள். களத்தில் இறங்கவே இல்லை, ஓரத்தில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. தசை ஓடவில்லை, ஈரல் மட்டும் ஓடத் தயாராகிச் சரக்கை அவிழ்த்துவிட்டது. நம் இட்லிக்கடை அக்காவும் இரண்டு வினாடி குதித்துவிட்டு மீதி முக்கால் மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான். இறக்கிய சர்க்கரைக்குச் செலவு இல்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டும், இதே 128 நாடி வேறு விதமாகவும் ஏமாற்றும். கீழே விழுந்தவருக்கு வயிற்றுக்குள் ரத்தக் கசிவு இருந்திருந்தாலும் நாடி 128 இருந்திருக்கும், கை கால் சில்லிட்டிருக்கும். உடம்பு ரத்தத்தில் 30 சதவீதம் வரை இழந்தாலும் இந்த நரம்பு குழாய்களை இறுக்கி, இதயத்தை விரட்டி, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கப் பார்க்கும். அது கை விட்டபிறகு ஆள் சட்டென்று சரிவார். அதனால் "பயந்துட்டாங்க" என்று எழுதுவதற்கு முன்னால் வயிற்றை அழுத்திப் பார்ப்பதும், அரை மணி கழித்து நாடியை மறுபடி எண்ணுவதும் கட்டாயம். இவருக்கு அந்த ஆபத்து இல்லாமல் போனது அதிர்ஷ்டம்தான், பார்த்துத் தெரிந்துகொண்டது இல்லை.

என் பங்கு

புதன்கிழமை எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். வியாழக்கிழமை என்னிடம் முழங்கால் சிராய்ப்பைக் காட்ட வந்தார். சீட்டையும் நீட்டினார். "புதுசா சுகர், பிரஷர் ரெண்டும் வந்துருச்சாம்மா. எங்க மாமியாருக்குக் குடுக்கற அதே சுகர் மாத்திரைதான்." நாடி பார்த்தேன், 62. ரத்த அழுத்தம் 118/76. "மாத்திரை நல்லா கேக்குதே" என்று நானே சொன்னேன். கட்டை மாற்றி, டிடி ஊசி போட்டு அனுப்பிவிட்டேன்.

அந்த வாக்கியத்தை எத்தனை தரம் நினைத்திருப்பேன் என்று கணக்கில்லை. தானாகவே புதன்கிழமை காலைக்குள் இறங்கியிருக்கக்கூடிய எண்ணை, மாத்திரை இறக்கியதாக நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை எதற்காக அந்த 168 என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழங்கால் எப்படிச் சிராய்த்தது என்று கேட்டேன், கதையைக் கேட்டேன், "நல்ல வேளை" என்றும் சொன்னேன். கதையையும் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள் என்பது உண்மை. அது காரணமாகாது.

வேர்வை ஏன் நின்றுபோகவில்லை

ஞாயிறு காலை கூழ் ஊற்றும் வரை சாப்பிடுவதில்லை என்று விரதம். மாத்திரையை மட்டும் தங்கை ஏழு மணிக்கு ஒழுங்காகக் கொடுத்துவிட்டார். கிளிமிபிரைடு கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. வயிற்றில் இட்லி இருக்கிறதா, வெறும் வயிறா என்று அது பார்க்காது. அதுவும் நீரிழிவே இல்லாத, நல்ல கணையம்.

சாதாரணமாகச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும்போதே உடம்பு விழித்துக்கொள்ளும். சர்க்கரையை ஏற்றுகிற குளுக்ககானும் அட்ரினலினும் சுரக்கும். 55ஐ நெருங்கும்போது அந்த ஆளுக்கே தெரியும்: படபடப்பு, கை நடுக்கம், வேர்வை, பசி. இன்னும் இறங்கினால்தான் பேச்சு குழறும், புத்தி மங்கும். அதாவது மூளை கெடுவதற்கு முன்னால் பரிவு நரம்பு கையைப் பிடித்து உலுக்கி எதையாவது வாயில் போடச் சொல்லும். செவ்வாய்க்கிழமை கண்டெய்னருக்கு அடித்த அதே மணிதான், இந்த முறை உள்ளே சர்க்கரை தீர்ந்ததற்காக.

ஆனால் இவர் புரோபிரனோலால் சாப்பிட்டிருந்தார். அட்ரினலினும் நார்அட்ரினலினும் போய் உட்காருகிற பீட்டா ஏற்பிகளை மறைத்துக்கொள்கிற மருந்து அது. 1960களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கியது. அவருக்கு 1988இல் நோபல் கிடைத்ததில் இதற்கும் பங்குண்டு. நல்ல மருந்துதான், இன்றைக்கும் பல பேருக்கு நானே எழுதுகிறேன். அது இதயத்தின் ஏற்பிகளை மறைத்ததால் நாடி ஏறவில்லை. தசையில் இருப்பதையும் மறைத்ததால் நடுக்கம் வரவில்லை. ஈரலும் அட்ரினலின் சொல்லைச் சரியாகக் கேட்கவில்லை, சர்க்கரை திரும்ப ஏறுவதும் மந்தமாயிற்று. மணி அடித்தது, கம்பிகள் பெரும்பாலானவை துண்டிக்கப்பட்டிருந்தன.

ஒரு கம்பி மட்டும் மிச்சம். பரிவு நரம்புகள் உறுப்பைத் தொடுகிற இடத்தில் பெரும்பாலும் நார்அட்ரினலினைத்தான் வெளிவிடுகின்றன. வேர்வைச் சுரப்பிக்குப் போகிறவை மட்டும் அசிட்டைல்கோலின் என்ற வேறொரு ரசாயனத்தை வெளிவிடுகின்றன. ஒரே நரம்பு மண்டலம்தான், கடைசி இழை மட்டும் வேறு பாஷை பேசுகிறது. ஹென்றி டேலும் ஃபெல்ட்பெர்க்கும் 1934இல் பூனையின் பாதத்தில் இதைக் காட்டினார்கள். பீட்டா ஏற்பியை எவ்வளவு மூடினாலும் இந்த இழைக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் நாடி 64, கை நடுங்கவில்லை, ஆனால் உடம்பெல்லாம் வேர்வை. மருத்துவக் கல்லூரி முதலாண்டில் வாய்மொழித் தேர்வுக்கு மனப்பாடம் செய்த விதிவிலக்கு இது. முப்பது வருடம் கழித்து ஒரு ஆடி ஞாயிறு அன்று என் துண்டில் நனைந்து கிடந்தது.

கோயிலில் இருந்தவர்களையும் குறை சொல்வதற்கில்லை. கண் சொருகுகிறது, பேச்சு மாறுகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, ஆள் தன்வசம் இல்லை. கூழ் ஊற்றுகிற இடத்தில், பம்பைச் சத்தத்துக்கு நடுவில் அதை வேறு எப்படிப் படிப்பார்கள்? மஞ்சள் தண்ணீர் ஊற்றியதில் கெடுதல் ஒன்றுமில்லை. அந்தக் குழப்பத்தில் வாயில் கூழை ஊற்றியிருந்தால்தான் புரையேறி வேறு பிரச்சினை ஆகியிருக்கும்.

அப்புறம்

டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் சர்க்கரை 148க்கு வந்தது. எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்குப் போகிறேன் என்றார். விடவில்லை. கிளிமிபிரைடின் வேலை மணிக்கணக்கில் நீளும். ஒரு தரம் ஏற்றிவிட்டால் முடிந்தது என்று அனுப்பினால் வழியிலேயே மறுபடி விழுவார்கள். முக்கால் மணி கழித்துப் பார்த்தேன், 72. இறங்கிக்கொண்டிருந்தது. கிளினிக்கில் இருந்த பிஸ்கட்டையும் சர்க்கரை போட்ட பாலையும் கொடுத்துவிட்டு 108ஐக் கூப்பிட்டேன். ஸ்டான்லிக்கு அனுப்பினேன். கூடவே இருந்த பெரியம்மா ஒருவர் "கஞ்சித் தொட்டிக்கா?" என்று கேட்டார். 1780களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மோனிகர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது, இந்தப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு இன்னும் அந்தப் பெயர்தான் வரும். இரவு முழுக்க டெக்ஸ்ட்ரோஸ் சொட்டு ஏற்றி, மணிக்கொரு தரம் சர்க்கரை பார்த்து, மறுநாள் மதியம் வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லா மாத்திரையும் நிறுத்தம்.

கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி 5.4. பத்து நாள் கழித்து வெறும் வயிற்றில் சர்க்கரை 92. மூன்று வெவ்வேறு நாளில் எடுத்த ரத்த அழுத்தம், மாத்திரை இல்லாமல், 122/78, 116/74, 124/80. நீரிழிவும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. மணிக்கட்டு ஆறு வாரத்தில் கூடிவிட்டது.

கடைசி முறை வந்தபோது ஐப்பசி. மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டினார். கண்டெய்னர் ஹாரன் கேட்டால் இன்னும் உள்ளங்கை வேர்க்கிறது என்றார், கையை நீட்டி. நாடி 76. பையன் வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான், காத்தாடிக்கு வீட்டில் தடை. கிளம்பும்போது வாசல்படியில் நின்று திரும்பினார்.

"அந்த மாத்திரைல நெறைய மிச்சம் இருந்துச்சும்மா. காசு குடுத்து வாங்கினது வீணாப் போவக்கூடாதுன்னு மாமியாருக்குக் குடுத்துட்டேன். சுகர் மாத்திரை அவங்களுக்கு ஏற்கெனவே போறதுதானே. கூட இருந்த அந்தச் சின்ன மாத்திரையும் நல்லதுதான்னு சேத்துக் குடுத்துட்டு வர்றேன்."

மாமியாரை நாளைக்கு வரச் சொல்லாதே, இப்போதே கூட்டிக்கொண்டு வா என்றேன்.